மழை பெய்யும் கேபினட்

உலகத்தில் மற்ற ஊர்க்காரர்கள் எல்லாம் மேகத்தைக் கண்டால் கும்பிடுவார்கள், எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் நெற்றிக்குக் கைகொடுத்து அண்ணாந்து பார்த்து, "அங்கிட்டுப் போ" என்று அடுத்த வீட்டு நாயை விரட்டுவது போல விரட்டுவார்கள். ஏனென்றால் எங்கள் ஊரில் தீக்குச்சி காய வேண்டும், பட்டாசுத் திரி காய வேண்டும், காலண்டரில் சாமி படத்தின் மை காய வேண்டும், இதில் எது காயாவிட்டாலும் வீட்டில் உலை கொதிக்காது. குழாயில் தண்ணீர் அதற்குத் தோன்றினால் வரும், தோன்றாவிட்டால் வராது, அதைப் பற்றிப் பெண்கள் பேசுவார்கள், ஆண்கள் கேட்டது போலத் தலையாட்டுவார்கள், அத்தோடு சரி.

இன்னொரு குணமும் எங்களுக்கு உண்டு. நாட்டில் விற்கிற ஊறுகாய்க்கும் பல்பொடிக்கும் பினாயிலுக்கும் லேபிள் அடிப்பது நாங்கள்தான் என்பதால், லேபிளில் எழுதியிருப்பதை நாங்கள் நம்புவதில்லை. 'நூறு சதவீதம் தூய்மையானது' என்று அடித்த கையாலேயே அந்த டப்பாவை வாங்கி, எழுத்தை விட்டுவிட்டு அச்சைப் பார்ப்போம். சிவப்பு சிவப்பின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா, நீலம் நகர்ந்திருக்கிறதா, அட்டை எத்தனை கனம் என்று பார்த்துத்தான் உள்ளே இருக்கிற சரக்கைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவோம். பெண் பார்க்கப் போன இடத்திலும் கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போகிற பிரஸ் எது என்று கேட்டுவிட்டுத்தான் காப்பி குடிப்போம்.

இப்படிப்பட்ட ஊரில்தான் ஜெயக்கொடி, ரத்தினவேல் அண்ணாச்சியின் அச்சாபீசில் உட்கார்ந்து வருஷக்கணக்காகக் காலண்டர் சாமிகளைக் கம்ப்யூட்டரில் வரைந்துகொண்டிருந்தாள். அவள் வரைந்த லட்சுமி எந்த ஊர்க் கல்லாப்பெட்டிக்கு மேலே தொங்கினாலும் கடைக்காரரைப் பார்த்துத்தான் சிரிப்பாள், அவள் வரைந்த மயில் சுவரைவிட்டு இறங்கித் தானியம் கேட்கும் போலிருக்கும். ஆடிப் பதினெட்டு அன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளையெல்லாம் ஒரே ஆல்பமாகத் தைத்து ஏஜெண்டுகளுக்குத் திறந்து காட்டுவது எங்கள் ஊர் வழக்கம். அந்த ஆல்பத்தில் ஒவ்வொரு சாமியின் காலடியிலும் அண்ணாச்சியின் பிரஸ் பெயரும் போன் நம்பரும் இருக்கும். ஒருநாள் அவள் தன் பெயரையும் எறும்பு அளவுக்குப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டாள்.

"சாமிக்குக் கீழ மனுசப் பேரு எதுக்குத்தா?" என்றார் அண்ணாச்சி.

சாமிக்குக் கீழே போன் நம்பர் மட்டும் எதற்கு என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை, மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. இந்த ஆடிப் பதினெட்டுக்குள் தன் பெயர் போட்டு ஓர் ஆல்பம் கொண்டுவருவது, முடியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு அண்ணாச்சியிடமே திரும்பப் போவது என்று புருஷன் கனிராஜிடம் சொல்லிவிட்டாள். கனிராஜ் வேறொரு பிரஸ்ஸில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறவன், அந்த மாதச் சம்பளத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

ஒரு மாதம் மதர்போர்டு, ஒரு மாதம் ப்ராசஸர், இன்னொரு மாதம் கிராபிக்ஸ் கார்டு என்று சேர்த்து, அவர்கள் வீட்டு முக்காலியில், மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே எல்லாவற்றையும் பரப்பி வைத்து, செத்துப்போன ஒரு பழைய கம்ப்யூட்டரிலிருந்து, கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைக் கழற்றிச் செருகி, ஸ்விட்ச் இல்லாததால் ஸ்க்ரூ டிரைவர் முனையால் இரண்டு கம்பியைத் தொட்டு உசுப்பி, எட்டு சாமிகள் வரைக்கும் ஓட்டிவிட்டாள். ஒன்பதாவது சாமிக்குக் கிரீடம் வைத்தபோது பழைய எஸ்.எம்.பி.எஸ். 'டப்' என்று ஒரு சத்தம் போட்டுக் கருகிய வாடையோடு அடங்கியது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் டைட்டஸ் வந்து பார்த்தான். "யக்கா, இதுக்குக் கரண்டும் ஒழுங்கா இல்ல, மேல போட ஒரு சட்டையும் இல்ல. இப்பிடி அம்மணமாப் போட்டு ஓட்டுனா இதுதான் நடக்கும். நல்லதா ஒரு எஸ்.எம்.பி.எஸ்., நல்லதா ஒரு கேபினட். ரெண்டையும் ஒண்ணா எடுத்துருங்க."

மூன்று பேரும் கடைக்குப் போனார்கள். டைட்டஸுக்குத் தொழில் தெரியும், அதை நாங்கள் இன்றைக்கும் மறுக்கவில்லை. எஸ்.எம்.பி.எஸ்ஸைக் கையில் தூக்கிப் பார்க்க வேண்டும், கனமாக இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம், லேசாக இருந்தால் காலி டப்பா. கார்டு தின்பது இவ்வளவு வாட்ஸ், ப்ராசஸர் தின்பது இவ்வளவு, அதற்கு மேலே கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும், பந்தியில் சோறு மிஞ்சலாம், குறையக் கூடாது. கேபினட் என்றால் முன்பக்கம் வலை இருக்க வேண்டும், காற்று முன்னால் நுழைந்து பின்னால் வெளியேற வேண்டும். இதையெல்லாம் அவன் பொறுமையாகச் சொன்னான். அவர்களும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கேட்டதை அங்கேயே வைத்துவிட்டு, எங்கள் ஊர் வழக்கப்படி பெட்டிகளைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

கனிராஜ் சட்டைப்பையிலிருந்து, அச்சில் மைப்புள்ளி பார்க்கிற லென்ஸை எடுத்தான். டைட்டஸ் கைகாட்டிய எஸ்.எம்.பி.எஸ்ஸின் அட்டையை முகத்துக்கு நேரே பிடித்து, "பொன் மை, வார்னிஷ், மேடு வச்ச எழுத்து. காசெல்லாம் அட்டைக்கே போயிருச்சு" என்று ஒதுக்கினான். அடுத்ததையும் ஒதுக்கினான். மூலையில் தூசி படிந்து கிடந்த ஒரு பெட்டியில் ஒரு மேகமும் ஒரு மின்னலும் போட்டிருந்தது. நீல பிளேட் நகர்ந்துபோய் மேகத்தின் நீலம் மேகத்துக்கு வெளியே ஒரு விரல்கடை தள்ளித் தனியாக நின்றது. கனிராஜின் முகம் மலர்ந்துவிட்டது.

"பாரு ஜெயம், அட்டைக்குச் சல்லிக்காசு செலவு பண்ணல. அட்டைக்குப் பண்ணாதவன் சரக்குக்குப் பண்ணிருப்பான்."

"அண்ணே, அது எந்தக் கம்பெனின்னு எனக்கே தெரியாது" என்றான் டைட்டஸ்.

"கனமா இருக்கா, இல்லையா?"

கனமாகத்தான் இருந்தது. பச்சைப் பிள்ளையைத் தூக்குகிற கனம் இருந்தது. டைட்டஸ் பில் புத்தகத்தை எடுத்தான்.

கேபினட்டை ஜெயக்கொடி தேர்ந்தெடுத்தாள். வலையே வேண்டாம் என்றாள். எங்கள் ஊர்க் காற்றில் பாதி வெடிமருந்துத் தூசி, மீதி காகிதத் தூசி, அது உள்ளே போனால் சாமிகளுக்குத் தும்மல் வந்துவிடும் என்று, நான்கு பக்கமும் கண்ணாடி போட்டு மீன்தொட்டி போல மூடிக் கிடந்த ஒன்றைக் காட்டினாள்.

"காத்துப் போக வழி இல்லியேக்கா. உள்ள இருக்குற சூடு எங்க போகும்?"

"வெளிய வந்து மட்டும் என்ன செய்யப் போகுது? நம்ம ஊர்ல உள்ளயும் சூடு, வெளியயும் சூடு. அது பாட்டுக்கு உள்ளயே கெடக்கட்டும்."

உள்ளேயே கிடந்த சூடு, கிடந்த இடத்தில் சும்மா கிடக்கவில்லை. கம்ப்யூட்டரைப் போட்ட முதல் நாளிலேயே கேபினட்டின் உள்ளே, எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கு நேர் மேலே, இட்லி அளவுக்கு ஒரு மேகம் கட்டியது. கண்ணாடி மங்கிவிட்டதென்று ஜெயக்கொடி முந்தானையால் துடைத்தாள், மங்கல் உள்பக்கம் என்று தெரிந்ததும் விட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள். ஒன்பதாவது சாமியின் கிரீடத்துக்குக் கல் பதித்தபோது மேகம் கறுத்து, தையல் ஊசி அளவுக்கு மின்னி, மதர்போர்டின் மேல் சரசரவென்று பெய்தது. கம்ப்யூட்டர் முன்னைவிட வேகமாக ஓடியது. ஷாக் அடிக்காதா என்று கேட்கிறவர்கள் வெளியூர்க்காரர்கள். யாருக்கும் அடிக்கவில்லை, அடிக்காததைப் பற்றி என்ன பேசுவது.

ஸ்க்ரூ ஓட்டை வழியாகத் தண்ணீர் சொட்டியது. முதலில் டம்ளர் வைத்தார்கள், பிறகு சொம்பு, பிறகு வாளி. டைட்டஸ் வந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "நல்ல தண்ணிக்கா, உப்பே இல்ல" என்றான்.

"வாரண்டி இருக்கா?" என்றான் கனிராஜ்.

"மழையில நனஞ்சா வாரண்டி கெடையாதுன்னு போட்டுருக்கான். மழை உள்ளருந்தே பெஞ்சா என்னன்னு போடல. எதுக்கும் அட்டையை வச்சிருங்க."

அட்டையை அதற்குள் கனிராஜ் வெட்டி, வீட்டு அரிசிப்பானைக்கு மூடியாக்கியிருந்தான். எங்கள் ஊரில் அட்டை சும்மா கிடக்காது.

ஒரு வாரத்தில் மேகம் கேபினட்டை விட்டு வெளியே வந்து, ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போய், தெருவின் அளவுக்கு விரிந்து நின்றது. பக்கத்துத் தெருவில் வெயில் காய்ந்தது, எங்கள் தெருவில் மட்டும் தூறியது. எல்லோரும் குடை வாங்கினோம், குடை விற்கிற கடை எங்கள் ஊரில் இல்லாததால் அருப்புக்கோட்டை போய் வாங்கினோம், அதைப் பிடிக்கத் தெரியாமல் கொஞ்ச நாள் ஒருவர் கண்ணை ஒருவர் குத்தினோம், பிறகு பழகிவிட்டது. எந்த வேலைக்கு எவ்வளவு மழை என்பதும் சீக்கிரமே தெரிந்துபோயிற்று: அவள் தேதி, கிழமை, ராகுகாலம் அமைத்தால் சாரல், பிள்ளையார் வரைந்தால் மிதமான மழை, லட்சுமிக்கு நகை போட்டால் தெரு ஓடும், மயில் வரைந்தால் கதவை அடைத்துக்கொள்ள வேண்டியதுதான். ரேடியோவில் வானிலை அறிக்கை கேட்கிறவர்கள் அதை நிறுத்திவிட்டு, காலையில் அவள் வீட்டு வாசலில் நின்று, "இன்னைக்கு என்ன சாமித்தா?" என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

தெருவில் உள்ள பெண்கள் பாக்கியத்தாய் தலைமையில் குடங்களோடு வரிசை கட்டினார்கள். பாக்கியத்தாய் அடுத்த வீட்டுக்காரி, குழாயடியில் அவள் குரலுக்குக் குழாயே பயப்படும். "ஏத்தா ஜெயம், லட்சுமி கழுத்து மொட்டையா இருக்கே. ஒரு காசுமாலை போடேன், என் தொட்டி நெறஞ்சிரும்" என்பாள். கொஞ்ச நேரத்தில் தீப்பெட்டி ஆபீஸ் ஆட்கள் வந்து, "தாயி, மகாலட்சுமி எளிமையா இருந்தாத்தான் அழகு" என்பார்கள். பெண்கள் நகையைக் கூட்டச் சொல்ல, ஆண்கள் நகையைக் குறைக்கச் சொல்ல, உலகத்திலேயே அப்படியொரு சண்டை எங்கள் தெருவில் மட்டும்தான் நடந்திருக்கும்.

தெருக்கோடியில் ரத்தினவேல் அண்ணாச்சியின் தீக்குச்சிக் களம் இருந்தது. பிரஸ் ஊருக்கு நடுவில், களம் எங்கள் தெருவில். மருந்தில் முக்கியெடுத்த குச்சிகளைச் சட்டத்தோடு காய அடுக்கி வைத்தால், மதியம் ஒரு மயில் வந்து எல்லாவற்றையும் கரைத்துவிட்டுப் போகும். களத்தில் கூலி வேலை செய்கிறவர்கள் எல்லோரும் எங்கள் தெருக்காரர்கள். நனைந்த குச்சிக்குக் கூலி இல்லை. ஜெயக்கொடி அதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் வரைந்தாள். போதாததற்கு, அவள் முதல் நான்கு பக்கங்களை அச்சுக்குக் கொடுத்திருந்த தெரு பிரஸ்ஸில் மை காயவே இல்லை. அடுக்கி வைத்த தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிள்ளையாரைப் பிரித்தால் சரஸ்வதியும் கூடவே வந்தாள். படத்தை வரைகிற கம்ப்யூட்டரே படத்தைக் காயவிடாமல் செய்கிற கூத்து வேறெந்த ஊரிலாவது உண்டா.

ஆடி பிறந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. அண்ணாச்சி குடை பிடித்துக்கொண்டு வந்தார், முழங்கால் வரை வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், கோபம் இருந்தாலும் மரியாதையாகத்தான் பேசினார்.

"ஏத்தா, அந்தச் சனியனை நிப்பாட்டிட்டு வந்துரு. நம்ம ஆபீசுல உன் சீட்டு அப்பிடியே கெடக்கு. நீ வரஞ்சதை நான் அடிச்சுத் தாரேன், மேகம் வராத எடத்துல அடிக்கேன், நல்லாக் காயும்."

"யார் பேர்ல அண்ணாச்சி?"

அண்ணாச்சி குடையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். "பேரு கெடக்கு கழுதை" என்றார்.

அவர் போன பிறகு அவள் அழுதாள். அவள் அழுததற்கு மழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த மேகம் வாட்ஸுக்குக் கட்டுப்பட்டதே தவிர மனுஷருக்குக் கட்டுப்பட்டதில்லை. மிச்சம் முருகன் படம் ஒன்று, வள்ளி தெய்வானையோடு, தோகை விரித்த மயிலோடு. அது முடிந்ததும் பன்னிரண்டு பக்கத்தையும் மொத்தமாகச் சேர்த்து அச்சுக்கு பிளேட் போடுவதற்கு ஒரே ஃபைலாகப் பென் டிரைவில் எடுக்க வேண்டும். அதை எடுக்கும்போது கம்ப்யூட்டர் முழு மூச்சையும் கொடுத்து ஓடும் என்று டைட்டஸ் சொன்னான். முழு மூச்சு என்றால் என்ன மழை என்று யாரும் கேட்கவில்லை, எல்லோரும் தங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டார்கள்.

தெருவே கூடிப் பேசியது. நிறுத்து என்றார்கள், நிறுத்தாதே என்றார்கள், எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்று என்றார்கள், அட்டை இல்லாமல் எப்படி மாற்றுவது என்றார்கள். வேறொன்று வாங்கினால் என்ன என்று ஒருவர் கேட்டபோது கனிராஜுக்கு ரோஷம் வந்துவிட்டது. "சரக்கு தங்கம். என்ன குத்தம் கண்டீக?" என்றான். அப்போதுதான் பாக்கியத்தாய் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள்.

"எதுக்கு இம்புட்டுப் பேச்சு? மழையத் தூக்கிட்டுப் போயிருவோம். கம்மாய் சும்மாதான கெடக்கு."

கண்மாய் சும்மாதான் கிடந்தது. பல வருஷமாக அதில் தண்ணீர் இல்லை. புது வெடிகளை அதில் வைத்துத்தான் வெடித்துப் பார்ப்பார்கள், மற்ற நேரத்தில் கருவேலம் வளரும். அண்ணாச்சியின் களத்துக்குப் பின்சுவரைத் தாண்டினால் கண்மாய்க் கரை.

மறுநாள் காலையில் கேபினட்டைத் தள்ளுவண்டியில் ஏற்றி, பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு ஜெயக்கொடியை உட்கார வைத்து, சப்பரம் தூக்குகிற மாதிரி தெருவே சேர்ந்து தள்ளிக்கொண்டு போனது. வீட்டுக்கு வீடு எக்ஸ்டென்ஷன் பெட்டிகளைக் கொண்டுவந்து ஒன்றின் வாலில் ஒன்றைச் செருகி, வயரை வேப்பமரத்திலும் கொடிக்கம்பிகளிலும் தொங்கவிட்டு, தலைக்கு மேலே மேகமும் கூடவே நகர்ந்து வர, எல்லோரும் நனைந்துகொண்டே போனோம். களத்து வாசலுக்கு வந்தபோது வயர் தீர்ந்துவிட்டது. வண்டி நின்றது. அண்ணாச்சி வாசலில் நின்றார், அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஒரு ப்ளக் பாயிண்ட் இருந்தது.

அவர் கரண்ட் கொடுத்தால் அவளுடைய ஆல்பம் வந்துவிடும். கொடுக்காவிட்டால் மேகம் அவர் களத்தின் மேலேயே நிற்கும். அண்ணாச்சி அண்ணாந்து மேகத்தைப் பார்த்தார், குனிந்து குச்சிகளைப் பார்த்தார், ஜெயக்கொடியை மட்டும் பார்க்கவில்லை.

"மழை போகட்டும்னு குடுக்கேன். ஆல்பத்துக்காகக் குடுக்கல" என்று சொல்லிவிட்டு, தானே வயரை வாங்கிச் செருகினார்.

கண்மாயின் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு எல்லோரும் கரையேறினோம். ஜெயக்கொடி முருகனை வரைந்தாள். தோகையின் கண் ஒவ்வொன்றுக்கும் ஒரு மழை பெய்தது. மாலை சாய்வதற்குள் வண்டிச் சக்கரம் முழுகிவிட்டது, அப்போதுதான் அவள் மொத்த ஃபைலையும் எடுக்கிற பொத்தானை அமுக்கினாள். எங்கள் ஊரில் எவரும் அதுவரை பார்த்திராத மழை அது. எதிர்க்கரை மறைந்தது, தவளைகள் எங்கிருந்தோ வந்து கத்தின, தண்ணீர் அவள் இடுப்புக்கு வந்தது, கேபினட்டின் பாதிக்கு வந்தது.

"யக்கா, புடுங்கிரவா? கம்ப்யூட்டராச்சும் மிஞ்சும்" என்று டைட்டஸ் கரையிலிருந்து கத்தினான்.

"புடுங்காத. பதினோரு சாமி வந்துருச்சு, இன்னும் முருகன் வரல."

"ஜெயம், வந்துரு" என்றான் கனிராஜ். அவன் தண்ணீர் விளிம்புவரை இறங்கி வந்துவிட்டான். எங்களுக்கும் பயமாகத்தான் இருந்தது, பாக்கியத்தாய் வாய்க்குள்ளேயே சாமி கும்பிட்டாள். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. மானிட்டரை அவள் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு கையால் அண்ணாந்து பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் முருகன் வந்தான். வள்ளி தெய்வானை மயிலோடு முழுசாக வந்தான். அவள் பென் டிரைவைப் பிடுங்கிப் பல்லில் கடித்துக்கொண்டு கரையை நோக்கி நடந்தாள், அவளுக்குப் பின்னால் கேபினட் விளக்கெரிய விளக்கெரியத் தண்ணீருக்குள் இறங்கியது. கனிராஜ் ஓடிப்போய் அவளைப் பிடித்துக்கொண்டான். பென் டிரைவை அவள் கரையேறி, துணியில் துடைத்து, டைட்டஸ் கையில் கொடுத்த பிறகுதான் வாயைத் திறந்து மூச்சு விட்டாள்.

ஊர் மறுபடியும் காய்ந்தது. குச்சி காய்ந்தது, திரி காய்ந்தது, ஆல்பத்தில் பன்னிரண்டு சாமியும் ஒட்டாமல் காய்ந்தன. மேகம் கண்மாயைவிட்டு நகரவில்லை. கேபினட் இன்றைக்கும் தண்ணீருக்கு அடியில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. டைட்டஸ் நீள வயர் போட்டு மானிட்டரையும் கீபோர்டையும் கரையில் ஒரு புளியமரத்தடிக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டான். கண்மாய் நிறைந்ததில் ஊர்க்கிணறுகளும் ஊறிவிட்டன. அண்ணாச்சி ஒரு தடவை அந்த ப்ளக்கில் கை வைத்தார்; பாக்கியத்தாய் குடத்தோடு வாசலில் வந்து நின்றாள்; அவர் ப்ளக்கைத் துடைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆடிப் பதினெட்டு அன்று ஆற்றங்கரை ஊர்க்காரர்களைப் போல எங்கள் பெண்களும் முதன்முதலாகத் தண்ணீர்க் கரைக்குப் போய்க் காப்பரிசி வைத்துக் கும்பிட்டார்கள். அதே நேரம் ஊருக்குள் ஆல்பங்கள் திறந்தன. தூத்துக்குடியிலிருந்து வந்த ஒரு பழைய ஏஜெண்ட் ஜெயக்கொடியின் ஆல்பத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல ரத்தினவேல் அண்ணாச்சியின் அச்சாபீசுக்கு வந்தார். முருகன் பக்கத்தைத் திறந்து அண்ணாச்சியின் மேஜையில் வைத்தார். நாங்கள் ஏழெட்டுப் பேர் வாசலில் நின்றோம்.

"அண்ணாச்சி, இத்தனை வருசமா உங்க ஆல்பத்துல இருந்த கை இது. இந்த வருசம் உங்ககிட்ட இல்ல, இதுல இருக்கு. யாரு இது?"

அண்ணாச்சி, "கம்மாய்ல இருக்கா" என்றார்.

ஏஜெண்ட் பதறிப்போய்ச் செருப்பைக் கழற்றினார். "அடடா. எப்பம்?"

"அட, அது இல்லய்யா. வேலையா இருக்கா. உங்களுக்கு முந்தி மதுரைக்காரர் ஆர்டர் குடுத்துட்டாரு, அவரு கடைப் பேரைக் காலண்டர்ல அமைக்கப் போயிருக்கா. அந்தா, மேகம் தெரியுதுல்லா, அதுக்கு நேர் கீழ."

ஏஜெண்ட் வாசலுக்கு வந்து பார்த்தார். ஊர் முழுக்க வெயில், கண்மாய்க்கு மேலே மட்டும் ஒரு சாரல். அவருக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் தோன்றவில்லை, வியாபாரம்தான் தோன்றியது. ஆர்டர் புத்தகத்தைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார்.

"பேரு என்ன?"

நாங்கள் எல்லோரும் அண்ணாச்சியைப் பார்த்தோம். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மயிலின் காலுக்குக் கீழே எறும்பு அளவுக்கு ஒரு வரி இருந்தது. அதன்மேல் விரலை வைத்து, அத்தனை வருஷம் தன் கல்லாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவளின் பெயரை அப்போதுதான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறவர் போல எழுத்துக் கூட்டி, "ஜெயக்கொடி" என்று உரக்கப் படித்தார். அச்சில் இருப்பதை நம்புகிற பழக்கம் எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது. அந்த ஒரு வரியை நம்பினோம்.